நோபிள் பார்க்கிலிருந்து கோல்ஃபீல்ட் வரை

உங்கள் நாவல்களுக்குள் நான் குடியிருந்திருக்கிறேன், ஐயா.
கடைசியாக வந்ததில் ஒரு குளிர்காலம் முழுக்க.
ஜூனில் உள்ளே போனேன்;
வெளியே வந்தபோது ஓகஸ்ட்,
எங்கள் தெருவில் வாட்டில் மஞ்சளாய்ப் பூத்திருந்தது.
ஒருவன் படலையைத் திறந்து முற்றத்துக்கு வரவே
உங்களுக்கு எட்டுப் பக்கம் வேண்டும்.
அதில் நாய்க்கு மட்டும் இரண்டு.
தவநேசன் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்ப்பார்:
"இன்னும் வந்து சேரேல்லையோ அவன்?"

இப்போது இந்தச் சிறுகதைகள்.
பன்னிரண்டு கதை, நூற்று முப்பது பக்கம்,
கையில் எடுத்தால் மீதிச் சில்லறை போல.
ஆனைப் பசிக்குச் சோளப்பொரி
என்று முணுமுணுத்துத்தான் பையில் வைத்தேன்.

ஆறு பத்து ரயில்.
ஸ்பிரிங்வேலில் தொடங்கிய முதல் கதை
கிளேட்டனில் தாதிமார் இறங்குமுன்னே முடிந்துவிட்டது.
செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால்
வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டார்.
அச்சகத்தில் விழுங்கிவிட்டார்களோ என்று
பக்க எண்களை எண்ணினேன்.
எல்லாம் சரி.
கோபம்தான் வந்தது.
இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும்.

நான்காவதில் அருளப்பு.

அதே அருளப்பு.
இடதுகாலை இழுத்து நடக்கிற,
ஒருவரிடமும் கடன் வைக்காத அருளப்பு.
நாவலில், நாற்பத்தேழாம் அத்தியாயத்தில்,
நீங்கள் கடலுக்குக் கொடுத்தவன்.
அதைப் படித்த அன்று
முதியோர் இல்லத்தில் மிஸஸ் கோவாக்ஸுக்குத் தலைசீவும்போது
என் கண் நிற்கவேயில்லை.
"யார் போனது?" என்று கேட்டா.
"தெரிந்த ஒருவர்" என்றேன்.
பொய்யில்லை.

இங்கே அவன்
சைக்கிள் ரியூப்பை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி
ஓட்டை தேடுகிறான்.
கொஞ்சம் கொஞ்சமாய் உருட்டி, அமுக்கி,
காதைக் கிட்டக் கொண்டுபோய்.
குமிழி வருகிறது.
அவ்வளவுதான் கதை.

அடியில் ஆண்டு போட்டிருக்கிறீர்கள்.
நாவலுக்குப் பதினாறு வருடம் முந்தியது.
அவன் என்ன ஆவான் என்று
அப்போது உங்களுக்கே தெரியாது.
எனக்குத் தெரியும்.
ஓடும் ரயிலில், எதிரே ஒருவர் வாழைப்பழம் உரிக்க,
எனக்கு மட்டும் தெரியும்.
அந்தத் தண்ணீரிலிருந்து
கையை எடு, அருளப்பு,
என்று வாய்விட்டே சொன்னேனோ என்னவோ,
வாழைப்பழக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கோல்ஃபீல்ட் போய்விட்டிருந்தது.

திரும்பி வந்து சேர இருபது நிமிடம் பிந்தி.
மிஸஸ் கோவாக்ஸ் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு
முகத்தைத் தூக்கி வைத்திருந்தா.
"அன்றைக்குச் செத்தவரைக் கண்டேன்" என்றேன்.
"எங்கே?"
"சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறார்."

தொண்ணூற்றொரு வயது.
கொஞ்சநேரம் யோசித்தா.
"காற்று நிற்கிறதாமா?"

அது எழுதியிருக்கவில்லை
என்றேன், வகிடு எடுத்தபடி.