நிலை: இயங்குகிறது

கையால் ஓட்டினால் ஓடுகிறது.
கருப்புச் சன்னலைத் திறந்து, பெர்ல் என்று அடித்து,
கோப்பின் பெயர் சொல்லி என்டரைத் தட்டினால்
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக வருகிறார்கள்:
கட்டிங், ஸ்கைவிங், ஸ்டிச்சிங், பேக்கிங்.
சர்வீஸாக ஓட்டினால்
ஒருவரும் வேலைக்கு வரவில்லை.

பேரணாம்பட்டு, இரவு பதினொன்றரை.
ஷூ கம்பெனியின் சர்வர் அறை என்பது
தோல் சாம்பிள்களுக்கு நடுவே ஒரு மேசை,
சொட்டும் ஏசி, அதன் கீழே ஒரு பக்கெட்.
கணக்கர் முதஸ்ஸிர் டீயை வைத்துவிட்டு
"சம்பளம் ஏழாந்தேதி" என்றார். இன்று ஐந்து.

எழுதிய எபினேசர் இப்போது மஸ்கட்டில்.
ஒன்பது வருடம் அது அவர் லாகினில்
மூடாத ஒரு சன்னலுக்குள் ஓடியிருக்கிறது.
மானிட்டர் மேல் இன்னும் அந்தச் சீட்டு:
தொடாதே. ஆஃப் பண்ணாதே. எபி.
பதினொரு நாள் முன்பு யுபிஎஸ் செத்தது.
பிறகு வந்த பையன், நல்ல பையன்தான்,
முறைப்படி அதைச் சர்வீஸாக்கிவிட்டுப் போனான்.

பட்டியலில் நிலை: இயங்குகிறது.
அந்தச் சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம்.

நிறுத்தினேன். தொடங்கினேன்.
ஒரு முறை ஆயிரத்து ஐம்பத்து மூன்று:
முப்பது நொடிக்குள் பதில் சொல்லவில்லையாம்.
மறுமுறை சொன்னது, வேறொன்றும் செய்யவில்லை.
பிரிண்ட் போட்டுப் பார்த்தேன்.
திரையே இல்லாத இடத்தில் பிரிண்ட் எங்கே போகும்?
திறக்க முடியாவிட்டால் செத்துப்போ என்று
நாற்பதாம் வரியில் எழுதியிருக்கிறார் எபினேசர்.
சாக விடாமல் அதைச் சுற்றி
ஓர் இவாலும் போட்டிருக்கிறார்.
நிமிடத்துக்கு ஒரு தடவை செத்துச் செத்து
இயங்குகிறது.

லாக் எழுதுகிறதே, அது எங்கே?
பாதையில்லை, வெறும் பெயர்.
இடம் சொல்லாமல் விட்டால் சர்வீஸ் போய் நிற்பது
சிஸ்டம் முப்பத்திரண்டில். போனேன். இல்லை.
ஒன்றரை மணிக்கு உறைத்தது: இது பழைய முப்பத்திரண்டு பிட் பெர்ல்.
அதை விண்டோஸ் சத்தமில்லாமல்
அறுபத்து நான்கு என்று கதவில் எழுதிய பக்கத்து வீட்டில்
குடிவைக்கும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இருந்தது.
பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரிகள், எல்லாம் ஒன்றே.
இசட் டிரைவ் இல்லை.
இசட் டிரைவ் இல்லை.
இசட் டிரைவ் இல்லை.
நிமிடம் தவறாமல், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில்,
சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

இசட் என்பது எபினேசருடையது.
அவர் உள்ளே நுழைந்தால் மட்டும் முளைக்கும் எழுத்து.
அதை அழித்துச் சர்வரின் முழுப் பாதையை எழுதினேன்.
முன்னால் நான்கு சாய்கோடு; இரண்டைப் பெர்ல் தின்றுவிடும்.
ஃபோல்டரைத் திறக்க உரிமையுள்ள கணக்கில் ஏற்றினேன்.
ஓடியது.
ஆனால் நான் உள்ளே இருக்கும்போது ஓடினால் அது கணக்கில்லை.
லாக் ஆஃப் செய்து, விளக்கணைத்து, கேட்டருகே வந்து நின்றேன்.

ஐந்தே முக்கால். மேல்பட்டி பஸ்.
கோட்டீஸ்வரி, ஸ்டிச்சிங் இரண்டாவது லைன்,
பசை காய்ந்த கட்டைவிரலை வைத்தாள். மறுத்தது.
முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுத்தது.
"தெனம் வந்தன், தெனம் வச்சன்,
வர்லன்னு எழுதிக்கீது. இப்ப இன்னா சொல்லுது?"
மூன்றாவதில் பீப்.

"ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்மா" என்றேன்.
"அதுக்குள்ள பெல்லு அடிச்சிடுவான்" என்று
போய்விட்டாள்.