இடப்பக்கம் முந்நூற்று நாற்பது

பாடகர் குழுவில் இருபத்து மூன்று பேர்.
இருபத்து நான்காவது ஆள் எவெரிட்டா
படமெடுத்த ஞாயிறன்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.
பித்தப்பைக் கல்.
மூன்று வாரம் கழித்து வந்து
எங்கள் அச்சகத்துக் கழிவறைக் கதவின் முன்
அதே நீலப் பாவாடையோடு நின்றாள்.
கடையில் அது ஒன்றுதான் வெள்ளை.
"பாடவா, சும்மா நிற்கவா?"
வாயை லேசாகத் திறந்து வையுங்கள் என்றேன்.

இரவு பத்து. லியபாயாவின் காற்று
டிராம் கம்பியைப் பிடித்து உலுக்குகிறது.
திரையில் மூன்று வரிசை மனிதர்கள்.
அவர்கள்மேல் நான் இழுத்துவைத்த கோடுகள்:
வரிசைக்கொன்றாய்க் கண்மட்டத்தில் கிடைக்கோடு மூன்று,
பலகை மடியும் இடத்தில் நெடுக்கே இரண்டு.
மருந்துக்கடைப் பலகையின் நீலம்.
அச்சில் வராது.
மடிப்பு எவர் முகத்திலும் விழக் கூடாதென்று
தோளுக்கும் தோளுக்கும் நடுவே
மயிரிழை இடம் தேடியதில்
அரை நாள் போயிருந்தது.

வலப்பக்கம் கூட்டினால் வேலை சுலபம்.
சுழியம் இடது மூலையில் உட்கார்ந்திருக்கிறது;
அந்தக் கோடியில் எத்தனை பேர் வந்தாலும்
அதற்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.
குழுவை நடத்தும் குன்டார்ஸ் தொலைபேசியில் சொன்னார்:
"ஆல்ட்டோக்கள் இடப்பக்கம்.
பேஸ் குரல்களோடு அவளை நிறுத்தினால்
படத்தைப் பார்த்தாலே சுருதி பிசகும்."

கேன்வாஸ் அளவு.
பெட்டி திறக்கிறது. ஒன்பது சின்னக் கட்டம்,
நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும் அம்பு.
எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று
இதுவரை என்னை யாரும்
இத்தனை மரியாதையாகக் கேட்டதில்லை.
வலது நடுக்கட்டத்தைச் சொடுக்குகிறேன்:
இங்கே ஊன்றிக்கொள், அங்கே நீள்.
அகலத்தில் முந்நூற்று நாற்பது கூட்டி
சரி.

இருபத்து மூன்று பேரும்
ஒரே தப்படியில் வலப்பக்கம் நகர்ந்தார்கள்.
கோடுகள் நகரவில்லை.
பழைய எண்களைக் கட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே நிற்க,
முதல் மடிப்பு யூரிஸின் மூக்கை நறுக்கியது,
இரண்டாவது விஸ்மாவின் தோட்டில் தொங்கியது.
கிடைக்கோடுகளுக்கு மட்டும் சேதமில்லை.
உயரம் மாறாதவர்களுக்கு என்ன கவலை.

கன்ட்ரோல், இஸட்.
எல்லோரும் ஓசையின்றித் திரும்பி வந்தார்கள்.

மின்கட்டண உறையின் முதுகில் எழுதினேன்:
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாயிரத்து இருநூற்று ஐந்து.
ஒவ்வொன்றோடும் முந்நூற்று நாற்பது.
மறுபடி நீட்டி, நெடுக்கோடுகளை அழித்து,
புது எண்ணில் புதிதாய் இட்டேன்.
அதே கோடுகள்தாம் என்பது
யூரிஸின் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.
பூட்டினேன்.
தச்சருக்கு ஒரு வரி அனுப்பினேன்:
இடப்பலகை மட்டும் ஒரு சாண் கூடுதல்.

புதிதாய்ப் பிறந்த இடத்தில் சுவர் இல்லை.
பக்கத்துச் சுவரை நகலெடுத்து ஒட்டினேன்;
ஓர் ஆணித்துளை இரண்டு முறை வந்தது.
பிறகு எவெரிட்டாவை, கதவில்லாமல்,
இரண்டாம் வரிசை ஓரத்தில் கொண்டுபோய் வைத்தேன்.
கண் கோட்டுக்கு எட்டவில்லை.
இரண்டு பார்லி மணி கீழே.
பெரிதாக்கிப் பார்த்தேன், தலை பூசணி.
தூக்கிப் பார்த்தேன், காலடியில் காற்று.
நாலாவது முறை
கையை எலியிலிருந்து எடுத்துவிட்டேன்.
கோடும் இருந்தது, அவளும் இருந்தாள்,
ஒன்றையொன்று தொடாமல்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பலகை நின்றது.
"எவ்வளவு நேராக நிற்கிறோம்!"
யூரிஸ், முழு மூக்கோடு.
ஆணித்துளையை யாரும் பார்க்கவில்லை.
எவெரிட்டா மட்டும் கிட்டப் போய்
தன் இடக்கைப் பக்கம் விரலால் தடவினாள்.
அங்கே ஒரு கீற்று வெறும் சுவர்.
முந்நூறு போதுமாயிருந்தது,
நாற்பதை நறுக்க மறந்திருந்தேன்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இல்லையில்லை," என்றாள்,
"கைப்பையை நான் அங்கேதான் வைப்பேன்."