இல்லாததற்கு ஆறாம் வேற்றுமை

ஒன்றை மட்டும் தேர்வு செய்யவும் என்கிறது
கைப்பேசித் திரை.
ஜெர்மன்.
ரஷ்யன்.
புவி அறிவியல்.
இரவு பன்னிரண்டோடு விண்ணப்பம் மூடிவிடும்.

நானோ பள்ளத்தூரில்
வள்ளிக்கண்ணு அக்கா வாங்கிப்போட்ட
ஏழரை சென்ட் மனையில்
போர்வண்டி இரைச்சலுக்குள் நிற்கிறேன்.
அப்பா ஏஜென்ட்.
நான் சம்பளமில்லாத நிலவியல் பட்டதாரி.
பத்தடிக்கு ஒரு கைப்பிடி
சிமெண்டுச் சாக்கை விரித்து
வரிசையாகக் குவித்துவைப்பது என் வேலை.

முப்பது அடிவரை செம்புறாங்கல்.
அப்புறம் பழுப்பாக, ஈரமே இல்லாத களி.
குழந்தைவேலு மூன்றாவது ராடு மாட்டியபோது
கறுப்பும் வெளுப்பும் கலந்து
பொடிந்து வந்தது.

"இது என்னடி?"
நைஸ், அக்கா.
"நல்லதா?"
நைஸ்தான் அதன் பேர்.
எந்த ஊரிலோ சுரங்கத்துக்குள் இறங்கிய
ஜெர்மன்காரன் வாயிலிருந்து வந்த சொல்.

பாடப்புத்தகம் நெடுக இப்படித்தான்.
பாறையைத் தட்டினால் ஜெர்மன்,
மண்ணைக் கிளறினால் ரஷ்யன்.
செர்னோசெம் என்றால் கறுப்பு மண்,
கரிசலை அவர்கள் கூப்பிடும் பேர்.
பாட்சால் என்றால்
சாம்பலுக்கு அடியில்.
இந்த ஒன்றுக்காகவே
விடுதியில் ஓர் இரவு தூங்காமல் கிடந்தேன்.

எதிர்க்கட்டிலில் நூர்ஜஹான்
ஜெர்மன் மனப்பாடம் செய்வாள்:
கல் ஆண்,
பூமி பெண்,
தண்ணீர் ரெண்டுமில்லை.
"தண்ணிக்கு மட்டும் யாருமில்ல பாரேன்."
எனக்கு மூன்றுமே அஃறிணை.
அஃறிணைக்குப் பரிந்து பேசவா முடியும்,
படிக்கத்தான் முடியும்.

இது கல்.
இதை ஜெர்மனில் சொல்ல
நடுவில் ஒரு வினை வேண்டும்,
இரண்டு செங்கல்லுக்கு இடையே கலவை மாதிரி.
ரஷ்யனில் வேண்டாம்.
ஏத்த காமென்.
இது, கல்.
பூச்சில்லாமல் பக்கத்தில் வைத்தால்
நிற்கிறது.

இருநூறு.
முந்நூறு; இதற்குமேல் அடிக்கு வேறு ரேட்.
நானூற்றைம்பதில் அக்கா
கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.
ஐந்நூறு.
புழுதி பறந்து
எதிர்வீட்டு டாடா ஏஸ்
பனி விழுந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

அறுநூற்று நாற்பது.
"என்ன சொல்லுது உன் கல்லு?"

அப்பா என்னைப் பார்த்தார்.
அந்தப் பார்வைக்கு அர்த்தம் இன்னும் நூறடி.
நூறடிக்கு எவ்வளவு கமிஷன் என்று
எனக்கும் தெரியும்.
அதில்தான் படித்தேன்.

குவியல்களைக் கடைசியிலிருந்து
பின்னோக்கி நடந்தேன்.
இருபது குவியலில் துருக்கறை இல்லை.
விரிசல் தொட்ட சில்லு ஒன்றுகூட இல்லை.
எல்லாம் புதுசு, எல்லாம் கூர்,
நீர் ஒருநாளும் தொடாத முகம்.

தண்ணி இல்லக்கா.

சொன்ன பிறகுதான் உறைத்தது.
வதீ நியெத்.
அதே வரிசை. தண்ணீர், இல்லை.
ஒரு சின்ன வித்தியாசம்:
இல்லாத பொருளை அவர்கள்
ஆறாம் வேற்றுமையில் நிறுத்துகிறார்கள்.
இல்லாமல் போனதும்
உடைமையின் உருபை மாட்டிக்கொண்டு
வந்து நிற்கிறது தண்ணீர்.

குழந்தைவேலு எஞ்சினை அணைத்தார்.
காது திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது.
அப்பா பேசவில்லை.
வண்டிக்குப் பின்னால் போய்
குழாய்களை எண்ணினார்,
எண்ணியதையே மறுபடி.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
கல்மாவு அப்பிய கட்டைவிரலைத்
திரை ஏற்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து
நடுக் கட்டத்தில் வைத்தேன்.
கல் எங்கேயும் போய்விடாது.
இல்லை என்பதை
இத்தனை மரியாதையாகச் சொல்கிறவர்களிடம்
இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

சாக்கை மடிக்கக் குனிந்தபோது
அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.
"இதுல எதுடி அந்த நைஸு?"
காட்டினேன்.
முந்தானையில் ஒரு பிடி அள்ளி
முடிந்துகொண்டார்.
"காசு குடுத்திருக்கேன்ல."