அரிக்குமா?

பூந்தா அரேனாஸில் டிசம்பர்க் காற்றுக்குக்
கயிறு கட்டுவார்கள்,
தெருமுனையில், கம்பத்துக்குக் கம்பம்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம்.
வீட்டுக்குள் அப்படி எதையும்
கட்டித் தரவில்லை நகராட்சி.

பதினோரு நாளாய் ரொசமெல்
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
நண்டுப் பருவம் முடிந்து படகு கரையேறியதும்
இவன் மட்டும் இறங்கிக்கொண்டே போனான்.
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத ஊரில்
மூன்று வேளையும் மகளுக்கு
ஒரே பதில் வைத்திருந்தேன்:
'அப்பா தூங்குறார்.'

ஆறு வயதுக்கு எண்ணத் தெரியும்.
'இவ்வளவு தூக்கமா?' என்றாள் யனாரா, செவ்வாயன்று.
புதன்கிழமை கேட்கவில்லை.
நுனிக்காலில் நடக்கத் தொடங்கியிருந்தாள்.
கரண்டியைக்கூடத் துணியில் சுற்றி வைத்தாள்.
அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது.
எழுதவே கூசுகிறது,
நிம்மதிதான் வந்தது.

ஆலையில் எட்டு மணி நேரம்
நண்டுக்கால் உடைப்பவள் நான்.
வீடு திரும்பும்போது விரல் மடங்காது.
வியாழன் மாலை பால் கொட்டியது,
அரைக் கோப்பை, அவ்வளவுதான்.
என் வாய்க்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள்
ஆலைச் சங்கு மாதிரி.
பிள்ளை அழவில்லை.
படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.
'நான் சத்தம் போட்டதாலயா
அப்பா இப்படி ஆனார்?'

மருத்துவமனையில் பெர்நார்தா சொல்லியிருந்தாள்,
பிள்ளைக்குப் பதில் சொல்லுமுன்
உள்ளங்காலை நினைத்துக்கொள் என்று.
சிரித்துவிட்டு வந்திருந்தேன்:
எனக்கேது உள்ளங்கால்,
ரப்பர் பூட்ஸ்தான் இருக்கிறது.
இப்போது நினைத்தேன்.
இடது காலுறையில் ஓட்டை.
பாலின் ஜில்லிப்பு கட்டைவிரலில் ஏறுகிறது.
அந்தப் பாலிலேயே உட்கார்ந்தேன்.

'அப்பாவுக்கு மனசுல நோய்.
நீ கொடுக்கல, நானும் கொடுக்கல.
சத்தத்தால வர்றதும் இல்ல.
டாக்டர் பார்க்கிறார், மாத்திரை இருக்கு.
எப்போ சரியாகும்னு எனக்குத் தெரியாது.'

கடைசி வரி விழுந்தபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
தெரியாது என்பதைக் குழந்தையிடம் சொல்லலாமா,
பெர்நார்தாவிடம் கேட்டிருக்கவில்லை.

யனாரா யோசித்தாள். மூக்கைச் சொரிந்தாள்.
போன மாதம் சின்னம்மை வந்து எழுந்தவள்;
அவளுக்குத் தெரிந்த நோய் அது ஒன்றுதான்.

'அரிக்குமா?'

எனக்குச் சிரிப்பும் முட்டியது, கண்ணும் முட்டியது.
தகரக் கூரை படபடத்தது.
கதவுக்கு அந்தப்பக்கமிருந்து
துருவேறிய பூட்டு திறப்பது போல:
'அரிக்காது.'

நெடுநேரம் கழித்து,
'கனக்கும்.'

பதினோரு நாளில் இரண்டு சொல்.

'எவ்வளவு கனம்?' விடுவாளா இவள்.
'கடல்லேர்ந்து இழுத்த கயிறு.
ஈரத்தோட. முழுச் சுருள்.'
அவளுக்குத் தெரியும் அது.
போன கோடையில் துறைமுகத்தில் தூக்கப் பார்த்துப்
பொத்தென்று உட்கார்ந்தவள்.
'அய்யோ,' என்றாள், பெரிய மனுஷி போல.
'அப்போ படுத்துக்கோ.'

அவன் எழுந்து வந்தான் என்று எழுத ஆசை.
வரவில்லை.
சனிக்கிழமை வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத்
திரும்பப் போய்ப் படுத்தான்.
திங்கட்கிழமை நான் மறுபடி கத்தினேன், ஷூவுக்காக.
வாசல் வரை போய்த் திரும்பி வந்து
மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன்.
'சரி, லேஸைக் கட்டு,' என்றாள்,
'ஸ்கூலுக்கு நேரமாச்சு.'

இப்போது அவள் நுனிக்காலில் நடப்பதில்லை.
தடதடவென்று ஓடிப் போய்
அறைக்குள் தலையை நீட்டுகிறாள்:
'இன்னைக்கு எவ்வளவு?'

சில நாள் பதில் வரும்.
நேற்று, 'கொஞ்சம் காஞ்சிருக்கு.'
இன்று பேச்சில்லை.
போர்வைக்கு வெளியே
ஒரு கை மட்டும் அசைந்தது.

அதையும் எண்ணிக்கொண்டு
பள்ளிக்குக் கிளம்பினாள்.