பதினாறு மங்குஸ்தான்

வங்கியிலிருந்து மின்னஞ்சல்.
கரையோரத்துச் செம்பழுப்பின் எண் என்ன?
கையேடு அச்சாகிறதாம்.

அடுப்பில் இரண்டாம் கொதி.
கரண்டியை வைத்துவிட்டுத் தட்டினேன்:
எண் இல்லை.
பதினாறு மங்குஸ்தான் தோல்,
ஒரு கைப்பிடி படிகாரம்,
துணி ஏற்கெனவே கடுக்காயும் பாலும் குடித்தது.
போதாதென்றால்
அன்று மூன்று மணிக்கு இடிமழை என்றும்
சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடோக்கில், ஒன்பதாம் மாடியில்,
வெயிலை நம்பி எதையும் தொடங்க முடியாது.
கழியில் போட்ட துணியை
நான்கு நாளில் பதினோரு முறை உள்ளே இழுத்திருக்கிறேன்.
பால் புளித்த வாடை
மின்தூக்கி வரை நடந்துபோய்
நகர மன்றத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தது.
எதிர்வீட்டுத் திருமதி கோ மட்டும்
மூட்டுவலிக் கஷாயம் என்று நினைத்துக்
கிண்ணத்தோடு வந்தார்.
துருப்பிடித்த சைக்கிள் சங்கிலி, பனைவெல்லம்,
மூன்று வாரம் ஊறியது,
இது கறுப்பு, குடிக்கக் கூடாது என்றேன்.
மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"என் அம்மா இதைவிட மோசமானதைக்
குடிக்க வைத்திருக்கிறாள்."

வங்கி கேட்டது கடல்.
கூடத்துச் சுவருக்கு, ஆறு மீட்டரில்,
கிழக்குக் கரை முன்பு இருந்தபடி.
அவுரி வாங்கினேன், திண்டிவனத்துக் கட்டி.
துணி நீலத்தை ஒழுங்காகத்தான் வாங்கிக்கொண்டது.
எனக்குத்தான்
வாடகைக்கு எடுத்த கடல்போல் இருந்தது.
மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
இப்போதும் அங்கேதான் கிடக்கிறது, பாதிக் கடல்.

பக்கத்து புளோக்கில்
புதிய மின்தூக்கிக்குப் பள்ளம் தோண்டினார்கள்.
உள்ளே அப்படியொரு சிவப்பு.
பிறகுதான் உறைத்தது:
இங்கிருந்த மேட்டை வெட்டித்தானே
அங்கே கடலைத் தூர்த்தார்கள்.

தடுப்புக்கு மேலே பையை நீட்டினேன்.
"எதுக்குக்கா, பூந்தொட்டிக்கா?"
பூசுறதுக்கு.
"செவத்துக்கா?"
கடலுக்கு.
தலைக்கவசத்தில் சுதாகரன் என்று எழுதியிருந்தது.
கொஞ்சம் யோசித்துவிட்டு
இரண்டு பை நிரப்பித் தந்தான்.

சலித்து, அரைத்து, சோயாப்பாலில் குழைத்து
(காப்பிக்கடைக்காரர்: "சீனி வேண்டாமா? உனக்குமா?")
ஓர் அலைகூட வரையாமல்
கடல் முழுவதும் செம்மண்.
மேலே நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள்.
அவை வெறும் கறிமஞ்சள், தேக்காவில் வாங்கியது.
வெளிச்சத்தில் நிற்காது. தெரியும்.
ஒப்பந்தத்தில்
பத்தாண்டு நிறம் மங்காது என்ற வரியை
அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு விழாவில் ஒருவர்
கடல் எங்கே என்றார்.
நம் காலுக்குக் கீழே என்று சொல்ல வந்தேன்.
வாய் நிறைய கறிபப்.
சுவரைக் காட்டினேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு இரவு.
கூடத்தில் ஆளில்லை.
விளக்குகளை அணைப்பதே இல்லையாம்.
காவலர் வேதநாயகம்
நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.
"மண்ணு நிக்குதும்மா, அசையல.
கப்பல்தான் போவுது.
மாட்டுனப்ப இருவத்திமூணு."

வருகையாளர் பதிவேட்டின்
கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.
பென்சிலில் வரிசை எண், தேதி.
உள்ளே வந்த நேரம் என்ற கட்டம் காலி.
வெளியேறிய நேரம் மட்டும், தோராயமாக.

நான்காவது,
போன வியாழன், விடிவதற்குச் சற்று முன்.