காண்க

மூன்று மாத ஒப்பந்தம். பதினொரு பெட்டிகள்.
ஜாலான் ஸ்காட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடி.
மோனோரயில் வளையும்போதெல்லாம்
கண்ணாடி அலமாரி ஒருமுறை பல்லைக் கடித்துக்கொள்ளும்.

'கடல்வழி', காலாண்டு ஆய்விதழ்.
காலாண்டு என்பது ஆசை.
முதல் ஆண்டு நான்கு, அடுத்த ஆண்டு இரண்டு,
பிறகு 'மலர் 6, இதழ் 1–4' என்று
ஒரு வருஷத்தையே மடித்து ஓர் அட்டைக்குள் அனுப்பியிருக்கிறார்கள்.
மலர் ஏழு, இதழ் இரண்டு எங்குமே இல்லை.
சந்தாதாரர் கடிதங்கள் மட்டும் அதைக் கேட்டபடி இருக்கின்றன,
ஈப்போவிலிருந்து, ரங்கூனிலிருந்து, டர்பனிலிருந்து:
அன்புடையீர், இன்னும் வந்து சேரவில்லை.

மூன்றாம் பெட்டியின் இடுப்பில் ஒரு பழுப்புக் கோடு.
எழுபத்தொன்றாம் வருஷ வெள்ளம்
அதுவரைக்கும் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.
கோட்டுக்குக் கீழே ரசீதுகள் ஒட்டி ஒரே பலகை.
கோட்டுக்கு மேலே
பதிப்பாசிரியர் விசுவலிங்கத்தின் பச்சை மை,
நேற்றுக் காய்ந்ததுபோல.

பச்சை மை கண்டிப்பானது.
பேராசிரியர் என்றும் பாராமல்
'சான்று எங்கே?' என்று ஓரத்தில் கேட்கும்.
அச்சகத்தில் ழகரம் தீர்ந்துபோனபோது
சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்து
அறுபது ழகரம் வரவழைத்திருக்கிறது.
அவை வருவதற்குள் அடித்த பதினாறு பக்கங்களுக்கு
ரோஜா நிறத்தில் ஒரு திருத்தச் சீட்டு:
'பக்கம் 33 முதல் 48 வரை
உரிய இடங்களில் ளகரத்தை ழகரமாகக் கொள்க.'
உரிய இடம் எதுவென்று வாசகருக்குத் தெரியும் என்ற
அந்த நம்பிக்கைக்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது,
நான்காம் பெட்டி வரைக்கும்.

'ஏற்கப்படாதவை.' கோப்பு ஒன்பது.
அனுப்பியவர் ஏ. சவரியப்பன், கிராணி,
பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே பன்னிரண்டு மைல்.
பொருள்: தோட்டத் தமிழில் மலாய்ச் சொற்கள்.
எழுதியது செக்ரோல் தாளின் பின்பக்கம்;
முன்பக்கம் ஊடே தெரிகிறது,
யாருக்கு எத்தனை பவுண்டு பால், யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல்.
பின்பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
கித்தா. மங்கு. ரோத்தான்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே சொன்னவர் பெயர், வயது,
எந்த நிரையில் மரம் வெட்டுகிறார் என்பதுவரை.

பச்சை மை: 'அடிக்குறிப்புகள் இல்லை. நடை ஆய்வுக்குரியதன்று.'

நான்கு முறை அனுப்பியிருக்கிறார்.
நான்காவதில் அடிக்குறிப்புகள் இருக்கின்றன,
கொஞ்சம் அதிகமாகவே:
'இச்சொல்லை என் மனைவி என்னைத் திட்டுகையில் கேட்டேன்.
12.8.1961, மாலை.'
சிரித்துவிட்டேன், தனியாக, அந்த மாடியில்.
அதற்குப் பதில் போகவில்லை.
தம் விலாசம் எழுதித் தபால்தலையும் ஒட்டி
அவர் வைத்தனுப்பிய உறை உள்ளேயே கிடக்கிறது.

மலர் ஒன்பது, இதழ் மூன்று, முதல் கட்டுரை.
'மலாயாத் தமிழில் கடன்சொற்கள்' –
வி. விசுவலிங்கம், எம்.ஏ.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
விரலால் ஒருமுறை எண்ணினேன், பென்சிலால் ஒருமுறை.
அடிக்குறிப்புகள் நாற்பது, அத்தனையும் புத்தகங்கள்.
ஒரு மனைவிகூட இல்லை.

செயலாளர் பூபாலசிங்கம் தொலைபேசியில் சொன்னார்:
'பட்டியல் போடத்தானம்மா உங்களை வைத்திருக்கிறோம்.
அவருக்கு நூற்றாண்டு விழா வருகிறது, தெரியும்தானே?'
தெரியும். தவிர,
படிவத்தில் தீர்ப்புக்குக் கட்டம் கிடையாது.
தலைப்பு, ஆசிரியர், மலர், பக்கம், நிலை.
கடைசியில் ஒன்று, இதுவரை நான் காலியாக விட்டது:
காண்க.

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

மலர் 9, இதழ் 3, பக்கம் 1–27.
காண்க: பெட்டி 4, கோப்பு 9.

பெட்டி 4, கோப்பு 9.
காண்க: மலர் 9, இதழ் 3.

கண்ணாடி அலமாரி பல்லைக் கடித்தது.
உறைக்குத் தனி எண் கொடுப்பதா என்று
தேநீர் ஆறும்வரை யோசித்தேன். கொடுத்தேன்.
உறை, ஒன்று. தபால்தலை, பத்துக் காசு.
நிலை: முத்திரை விழாதது.