மோதிர விரலின் பாதி

ராத்திரி ரெண்டு மணிக்குக் கை என்னை எழுப்பும்.
பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல்,
மோதிர விரலில் சரிபாதி.
மீதிப் பாதி தூங்கும்.
சுண்டுவிரல்
எதுவும் நடக்காதது போலத் தூங்கும்.

உட்கார்ந்து உதறுவேன், ஈரச் சேலையை உதறுகிற மாதிரி.
"நண்டு கடிச்சிருச்சா?" என்பார் சந்தியாகு, கண் திறக்காமல்.
அவித்த நண்டு கடிக்காது என்று
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மண்டபம் கம்பெனியில் நாலாவது மேசை என்னுடையது.
ஓட்டை உடைத்துச் சதை எடுத்தபின்
விரலால் பார்க்க வேண்டும்.
நகத்துணுக்கு மாதிரி ஒரு ஓடு உள்ளே கிடக்கும்,
கண்ணுக்கு அகப்படாது.
கடல் தாண்டி யாரோ ஒருத்தர் பல்லில்
அது நெறுக்கென்று படக்கூடாது.

போன மாசம் என் தட்டில் ஏழு.
நஸ்ரின் அவற்றை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தாள்.
திட்டவில்லை. எண்ணினாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
சர்க்கரை பார்க்கிற பெண் எந்த விரல் என்றாள்.
நடுவிரலைக் கொடுத்தேன், அதற்குத்தான் வலிக்காது.
ரத்தம் வந்த பிறகே எனக்குச் சேதி வந்தது:
இருநூற்று எழுபத்தாறு.

டாக்டரம்மா மணிக்கட்டைத் தட்ட
நுனிவரை சுர்ரென்று ஓடியது.
நரம்பு போகிற சந்து இது, வீங்கி நெருக்குது,
சர்க்கரை வேற, நரம்பு தாங்காது என்றார்.
எங்கள் தெருவும் அப்படித்தான்.
ரெண்டு மீன்வண்டி எதிரெதிரே வந்தால்
ஒன்று பின்னால் போயாக வேண்டும்.
"இதுல எது பின்னால போகும்?" என்றேன்.
அவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ராத்திரிக்கு ஒரு பட்டை. மாத்திரை.
ஆறு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் கீறிவிடலாம்.
கைக்கு ஓய்வு வேணும்.
மீனுக்கு வருஷத்தில் ரெண்டு மாசம் தடைக்காலம் உண்டு.
இது பிப்ரவரி.

மோதிரம் கழலவில்லை.
ஒரு பக்கம் எனக்குத் தெரிகிறது.
மறுபக்கம் வேறு யாருடைய கல்யாணமோ.

இப்போது சதையைச் சுண்டுவிரலால் தடவுகிறேன்,
மற்ற நாலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
"என்னக்கா, மருதாணி காயலையா?" என்கிறாள்
பக்கத்து மேசை ராக்கு.
நேற்று ரெண்டே துணுக்கு.
நஸ்ரின் தாளை மடித்துக் கூடையில் போட்டாள்.

பட்டையை ஒட்டிவிடுகிறார் சந்தியாகு.
முடிச்சு இல்லாதது எப்படி நிற்கும் என்று
வலைநூலால் மேலே ஒரு சுற்று.
ரெண்டு மணிக்கு
அதை அவிழ்க்கவும் அவரைத்தான் எழுப்ப வேண்டும்.